விளையாட வராமல் போன கோடை

எட்டு வயதுப் பிள்ளை யானைக்கு இறக்கை வரைந்துவிட்டால் போதும், "இவள் பெரிய எழுத்தாளராக வருவாள் பாருங்கள்" என்று வீடே கொண்டாடுகிறது. அடுத்த விடுமுறையில் கதை எழுதும் பயிலரங்கு. அதற்கடுத்து, பின்னட்டையில் பிள்ளையின் படத்தோடு ஒரு புத்தகம். இந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. கற்பனை இல்லாத பிள்ளை ஏது? அந்த வயதில் அது எப்படி இருந்தது என்பதை முப்பது தாண்டியும் மறக்காத பெரியவர்களுக்குத்தான் பஞ்சம்.

ஸ்வீடனின் சிறார் எழுத்தாளர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரனை எடுத்துக்கொள்ளுங்கள். 1907இல் விம்மர்பி என்ற சிற்றூரையொட்டிய நாஸ் பண்ணையில் பிறந்தவர். அப்பா குத்தகை விவசாயி. வீட்டில் நான்கு பிள்ளைகள். வயலில் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. வேலை முடிந்தால் அவர்கள் எங்கே, என்ன செய்கிறார்கள் என்று யாரும் தேடவில்லை. அறைக்குள் தரையில் கால் படாமல் மேசை, நாற்காலி என்று தாவித் தாவியே ஒரு சுற்று வர வேண்டும் என்பது அவர்களுடைய ஆட்டங்களில் ஒன்று. நம் ஊர்க் கல்லா மண்ணாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. பொந்து விழுந்த எல்ம் மரம் ஒன்று இருந்தது. அதிலிருந்த ஆந்தைக் கூட்டில் அண்ணன் குன்னார் ஒரு கோழிமுட்டையை வைத்துவிட, ஆந்தை அடைகாத்துக் குஞ்சு பொரித்தே விட்டதாம். இதற்கு மேல் கற்பனைக்கு என்ன வேலை! மாட்டுக்காரர் வீட்டுச் சமையலறையில் எடித் என்ற சிறுமி பூதக் கதை படித்துக் காட்டியதும் இந்தக் காலத்தில்தான்.

பிறகு ஒரு கோடை வந்தது. வழக்கம்போல் விளையாட உட்கார்ந்தவர்களுக்கு விளையாட வரவில்லை. அந்த வருத்தத்தைப் பிற்காலத்தில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1921இல் அவருடைய பள்ளிக் கட்டுரையை உள்ளூர்ச் செய்தித்தாள் வெளியிட்டது. "விம்மர்பியின் செல்மா லாகர்லெவ்" என்று ஊர் கேலி செய்தது. நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளரோடு ஒரு பள்ளி மாணவியை ஒப்பிட்டால் அவள் என்ன ஆவாள்? புத்தகமே எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். பாராட்டும் பெரியவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம்.

அதன் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவரிடமிருந்து ஒரு புத்தகமும் இல்லை. திருமணத்துக்கு முன் பிறந்த மகனை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கோபன்ஹேகனில் ஒரு வளர்ப்புத் தாயிடம் விட்டுவைக்க நேர்ந்தது. ஸ்டாக்ஹோமில் சுருக்கெழுத்துச் செயலாளர் வேலை. அவர் கதைகளில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் இத்தனை பேர் ஏன் வருகிறார்கள் என்பதற்கு விடை இந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது என்பது என் ஊகம். நாஸின் மகிழ்ச்சி மட்டும் அவர்களை உண்டாக்கியிருக்காது.

1941இல் நுரையீரல் அழற்சியோடு படுத்திருந்த மகள் காரின், "பிப்பி லாங்ஸ்ட்ரம்ப் கதை சொல்லு" என்றாள். அந்தப் பெயர் அவள் வாயில் அந்த நொடி வந்தது. அம்மா யார் என்ன என்று கேட்கவில்லை, கதையை ஆரம்பித்துவிட்டார். 1944இல் பனியில் வழுக்கிக் கால் அடிபட்டுப் படுத்தபோதுதான் அதைச் சுருக்கெழுத்தில் எழுதி வைத்தார். முதலில் அனுப்பிய பெரிய பதிப்பகம் திருப்பி அனுப்பியது. இன்னொரு பதிப்பகத்தின் போட்டியில் முதல் பரிசு பெற்று 1945இல் புத்தகம் வந்தது. தரையில் கால் படாத அந்த ஆட்டத்தைப் பிப்பியும் ஆடுகிறாள்.

எனவே, பயிலரங்கில் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்கும் பெற்றோருக்கு: பிள்ளை விரும்பினால் சேருங்கள், தடை இல்லை. ஆனால் அதற்காக மாலை விளையாட்டை வெட்டாதீர்கள். எழுதியதை உறவினர் கூட்டத்தில் படிக்கச் சொல்லி நிற்க வைக்காதீர்கள். சிறார் கதை எழுத ஆசைப்படும் பெரியவர்களிடம் நான் கேட்பது வேறு. பத்து வயதில் உங்கள் தெருவில் ஆடிய ஒரு விளையாட்டின் விதிகளை, யார் அழுகுணி ஆட்டம் ஆடினார்கள் என்பது உட்பட, கீழே எழுதுங்கள். அறிவுரை மட்டும் வேண்டாம். அது நம் சிறார் இதழ்களில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.