பறக்கவிட்டால் பாதிப்பு உண்டு

"திருகோணமலைப் பக்கம் தம்பலகாமம் குடாவில் பறவைக் கூட்டத்தைக் கைதட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுத்தால் ஒன்றும் ஆகாது, திரும்பி வந்து இருந்துவிடும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை அண்ணா. நீர் வற்றிச் சேறு தெரியும் நேரத்தில்தான் உள்ளான்கள் என்ற வலசை வரும் கரைப் பறவைகள் நன்றாக இரை தேடும், நீர் ஏறியதும் மிஞ்சிய திட்டில் நெருக்கியடித்து நின்று ஓய்வெடுக்கும், அப்போது கிளப்பிவிட்டால் சேர்த்து வைத்த கொழுப்புத்தான் எரியும். மார்ச், ஏப்ரலில் சைபீரியாப் பக்கம் திரும்பிப் பறக்க அவற்றுக்கு வேண்டியதே அந்தக் கொழுப்பு. வெறும் மணலில் முட்டையிடும் ஆலாக்கள் என்ற நீர்ப்பறவைகள் இன்னும் பாவம், தாய் எழும்பினால் முட்டை வெயிலில் கெட்டுப்போகும், காகமும் வந்துவிடும். தூர நின்று, குந்தியிருந்து, நீளமான லென்ஸால் எடுங்கள். பறவைகள் இரை தேடுவதை நிறுத்தித் தலையை உயர்த்திப் பார்த்தால் ஏற்கெனவே கிட்டப் போய்விட்டீர்கள், மெதுவாகப் பின்னுக்கு வாருங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.