17 பேருக்கு எதற்குப் படகு?

எங்கள் தீவிலிருந்து கரைக்குப் போகும் சனிக்கிழமை காலைப் படகு, ஆள் குறைந்தாலும் பொதுப் பணத்தில் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று நான் போட்ட பதிவின் கீழே என்ன நடந்தது என்று நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பதில் எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், முடியவில்லை. "17 பேருக்காகப் படகு விடச் சொல்கிறீர்களே, அந்த நஷ்டத்தை யார் கட்டுவது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் கேட்டது கூடப் பரவாயில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டவர்கள், போய் அதற்கு விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள். அந்த 17 பேரில் நானும் ஒருத்தி. ரத்தப் பரிசோதனைக்காக முந்தின இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்த ஒரு பெரியவரும் அதில் இருந்தார். ஆள் சேரவில்லை, அடுத்த படகு 11 மணிக்கு என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நான் சொல்வது ஒன்றுதான். தீவில் இருப்பவர்களுக்குப் படகுதான் ரோடு. மலை மேல் நாலு வீடு இருக்கிற ஊருக்குப் போகும் ரோட்டில் இன்றைக்கு எத்தனை வண்டி போனது, வசூல் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. மழையில் அரித்துப் போனால் பொதுப் பணத்தில்தான் சரி செய்கிறார்கள், அதற்கு மானியம் என்று பெயர் வைப்பதும் இல்லை. எங்கள் ரோடு தண்ணீர் மேல் போகிறது என்பதற்காக அது மட்டும் லாபம் காட்ட வேண்டுமா?

தனியாரிடம் விட்டால் போட்டி வரும், கட்டணம் குறையும் என்கிறீர்கள். எந்தப் போட்டி? படகில் 17 பேர் ஏறினாலும் 170 பேர் ஏறினாலும் மாலுமிகளின் சம்பளம், காப்பீடு, வருடாவருடம் படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் செலவு எல்லாம் அப்படியேதான் இருக்கும், டீசல் கூடப் பெரிதாக மாறாது. சின்னத் தீவில் ஒரு படகுக்கே ஆள் போதாது, இரண்டாவது முதலாளி எங்கிருந்து வருவார்? ஒருவர்தான் இருப்பார். கூட்டம் வருகிற மாதங்களில் நன்றாக ஓட்டுவார், மழைக்காலத்தில் குறைப்பார், கட்டணத்தை ஏற்றுவார், ஏற்றினால் ஆள் இன்னும் குறையும், அப்புறம் ஆள் குறைவு என்பதையே காரணம் காட்டி இன்னொரு நடையை நிறுத்துவார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய கணக்கு அப்படித்தான் போகும்.

இது ஏற்கெனவே நடந்து பார்த்த கதை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பியூஜெட் சவுண்ட் என்ற கடல் பகுதியில், ஃபெரிகளை, அதாவது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகுகளை, ஒரு தனியார் கம்பெனிதான் நடத்தி வந்தது. கேட்ட கட்டண உயர்வு கிடைக்கவில்லை என்று 1948-ல் அது படகுகளையே நிறுத்தியது. கடைசியில் மாநில அரசே அந்தப் படகுகளை விலைக்கு வாங்கி, 1951-லிருந்து நடத்துகிறது. தனியார் தொழிலை அவ்வளவு நம்புகிற நாட்டிலேயே இதுதான் நடந்தது.

"அரசு நடத்தினால் மட்டும் ஒழுங்காக இருக்குமா?" சரி, ஸ்காட்லாந்தைக் காட்டினீர்கள். 2015-ல் அங்கே தீவுப் போக்குவரத்துக்காக அரசு நிறுவனம் ஆர்டர் கொடுத்த கிளென் சானக்ஸ் கப்பல் 2025 ஜனவரியில்தான் ஓடத் தொடங்கியது, செலவும் பல மடங்கு ஏறியது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது கப்பல் கட்டியதில் நடந்த குளறுபடி. அதற்காக அங்கே தீவுப் படகுகளுக்குக் கொடுக்கும் பணத்தை யாரும் நிறுத்திவிடவில்லை. இன்னொருவர், செனகல் அரசின் லே ஜூலா கப்பல் 2002-ல் கவிழ்ந்து 1,800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை எடுத்துக்கொண்டு வந்தார். சுமார் 580 பேருக்கான கப்பலில் மூன்று மடங்குக்கும் மேல் ஏற்றியிருந்தார்கள். அப்படியானால் 2014-ல் தென்கொரியாவில் மூழ்கிய செவோல்? அது தனியார் கப்பல். கூடுதலாகச் சரக்கு ஏற்றுவதற்காக, கப்பலை நிலையாக வைத்திருக்கும் அடித்தொட்டித் தண்ணீரையே குறைத்திருந்தார்கள். 304 பேர் போனார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். இறந்தவர்களை வைத்து எண்ணிக்கை பேச எனக்கு மனம் வரவில்லை, ஆனால் இதை ஆரம்பித்தது நான் இல்லை.

தனியார் வேண்டவே வேண்டாம் என்றும் நான் எங்கேயும் எழுதவில்லை, தயவு செய்து பதிவை மறுபடி படித்துப் பாருங்கள். நார்வேயில் பல ஃபெரிகளைக் கம்பெனிகள்தான் ஓட்டுகின்றன. ஆனால் முக்கியமான ஃபெரித் தடங்கள் அங்கே நெடுஞ்சாலைக் கணக்கில் சேர்ந்தவை. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை நடை என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்கும், விழும் துண்டைப் பொதுப் பணம் அடைக்கும். 2015-ல் ஓடத் தொடங்கிய ஆம்பியர் இருக்கிறதே, முழுக்க பேட்டரியில் ஓடும் முதல் கார் ஃபெரி, அது கூடச் சாலைத் துறை விட்ட டெண்டரில் பிறந்ததுதான். சுக்கானை யார் வேண்டுமானாலும் பிடிக்கட்டும். கிளம்பும் நேரத்தை மட்டும் வசூலை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

நேரம் நேரம் என்று ஏன் இவ்வளவு அடித்துக்கொள்கிறேன் என்றால், நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் கணக்கு டீச்சர் அக்கரையிலிருந்து முதல் படகில்தான் வருவார். படகின் குத்தகை கைமாறியதும் காலை 6.30 படகு 9 மணிப் படகாகிவிட்டது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார்களாம். டீச்சர் பள்ளிக்கு வந்து சேரும்போது பத்தேகால் ஆகிவிடும். கடைசிப் படகையும் முன்னால் கொண்டுவந்துவிட்டதால் 2 மணிக்கே துறைக்கு ஓடுவார், கையில் எங்கள் நோட்டுகளோடு. ஒரு வருடம் அப்படி ஓடினார், அப்புறம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. பத்தாவது முடியும்வரை வேறு யாரும் வரவில்லை. வகுப்பில் இருந்த 11 பேரில் 7 பேர் கணக்கில் தவறினோம். பிறகு வேலை கேட்டுப் போன இடத்தில் ஒருவர், உங்கள் தீவுப் பிள்ளைகளுக்குக் கணக்கே வராது போலிருக்கிறது என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த 6.30 படகை அவரிடம் எப்படி விளக்குவது?

இப்போது "தீவில் இருப்பது உங்கள் விருப்பம், கஷ்டமாக இருந்தால் கரைக்கு வந்துவிட வேண்டியதுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். பிறந்த வீட்டில் இருப்பதற்கு நான் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? நீங்கள் விடுமுறைக்கு வந்து படம் எடுத்துப் போட்ட அதே தீவுதான் இது. ஆளே இல்லாத கடற்கரை, எவ்வளவு அமைதி என்று எழுதினீர்கள், நானும் வந்து நன்றி சொன்னேன். ஏன் ஆள் இல்லை என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. என்னோடு படித்த அந்த 11 பேரில் இன்று இங்கே இருப்பது நான் உட்பட 2 பேர். வந்துவிடச் சொல்கிறீர்களே, மற்ற 9 பேரும் வந்துதான்விட்டார்கள்.

மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை துறையில் நின்றவர்கள் உங்கள் பெயரையும், அன்றைக்கு எதற்காகப் போக வேண்டியிருந்தது என்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அந்தப் பெரியவர் நேற்று மறுபடியும் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். முதல் கையெழுத்து அவருடையது.