ராத்திரி பல் தேய்க்காமல் படுக்காதீர்கள்

காலையில் பல் துலக்காமல் காபி டம்ளரைத் தொடமாட்டோம். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு இட்லி சட்னியை முடித்து, சர்க்கரை போட்ட பாலையும் குடித்துவிட்டு அப்படியே படுத்துவிடுகிறோம். பல் டாக்டருக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வாயில் ஊறும் அமிலத்தைக் கழுவிவிடுவது உமிழ்நீர். தூக்கத்தில் அது வெகுவாகக் குறைந்துவிடும். இடுக்கில் ஒட்டிய மாவையும் சர்க்கரையையும் கிருமிகள் விடியும்வரை தின்று அமிலமாக்கும். ஒரு வேளைதான் முடியும் என்றால் காலையை விட்டுவிடுங்கள், இரவை விடாதீர்கள்.

பேஸ்ட் வாங்கும்போது அட்டையில் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் வரை இருக்கிறதா என்று படியுங்கள். மூலிகைப் பேஸ்ட் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. சென்னையில் பல வீடுகளில் கேன் தண்ணீர், இல்லாவிட்டால் ஆர்.ஓ. ஆர்.ஓ. தண்ணீரில் இயற்கையான ஃபுளோரைடும் பெரும்பாலும் போய்விடுகிறது. ஆகவே பேஸ்ட்தான் துணை. பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு, மூன்று வயதுக்குள் அரிசி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் பிதுக்குவது வீண்.

மெல்லிய நார் பிரஷ். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வைத்து, சின்னச் சின்னதாக அசைத்து, இரண்டு நிமிடம். நுரையைத் துப்பியதும் வாய் கொப்பளிக்காதீர்கள். ஃபுளோரைடு பல்லில் தங்கட்டும். உப்பு, கரித்தூள், முரட்டு பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்தால் பல்லின் கழுத்தில் பள்ளம் விழும். அப்புறம் ஐஸ் தண்ணீர் பட்டாலே கூசும்.

இரண்டு கடைவாய்ப்பல்லுக்கு நடுவில் சாதாரணப் பிரஷ் போகாது. அங்கே ஃபிளாஸ் நூல்தான். ஊக்கால் குத்துவதை இன்றோடு நிறுத்துங்கள், ஈறு கிழியும்.

டீ விஷயத்தில் சர்க்கரையின் அளவைவிட எத்தனை தடவை குடிக்கிறோம் என்பதுதான் முக்கியம். இனிப்பு டீ ஒவ்வொன்றுக்கும் வாய் ஏறக்குறைய அரை மணி நேரம் அமிலத்தில் கிடக்கும். ஒரே டீயை ஒரு மணி நேரம் உறிஞ்சுவது இன்னும் மோசம். குடித்தவுடன் வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள்.

ஈறில் ரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்க்கிறார்கள். நேர் எதிராகச் செய்யவேண்டும்: பெரும்பாலும் அழுக்கு தங்கியதால்தான் ரத்தமே வருகிறது. அந்த அழுக்கு இறுகிக் காரை கட்டிவிட்டால் பிரஷுக்கு மசியாது, டாக்டரிடம் கிளீனிங்தான் வழி. கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்பது தவறு. ஏற்கெனவே எலும்பு கரைந்து ஆடும் பல்லைக் காரை பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பல்லின் மேல் ஓடான எனாமலில் மட்டும் இருக்கும் சொத்தை வலிக்காது. அப்போதே அடைத்தால் பெரும்பாலும் ஒரே வருகையில் முடியும். வலி வரும்வரை காத்திருந்து, சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் ரூட் கேனால், அதன்மேல் கேப் என்று பல ஆயிரம் போகும். பணம் தட்டுப்பாடு என்றால் சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.

வீட்டில் ஆறு வயதுக் குழந்தை இருந்தால் இன்றிரவே டார்ச் அடித்துப் பாருங்கள். பால்பற்களுக்குப் பின்னால் புதிதாக முளைக்கும் கடைவாய்ப்பல் நிரந்தரப் பல். விழுந்து முளைக்கும் என்று நினைத்து அதைச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். அதன் பள்ளங்களில் சீலன்ட் என்ற பாதுகாப்புப் பூச்சைப் பூசச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.