ஏரியில் பச்சை நுரையா? கொதிக்க வைத்தால் போகாது

"ஏரித் தண்ணீர் பச்சையாக இருந்தால் பயப்படாதீர்கள், அது வெறும் பாசி, குளிக்கலாம், கொதிக்க வைத்துக் குடிக்கவும் செய்யலாம்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இது தவறு.

எல்லாப் பச்சையும் விஷமில்லை, சரி. ஆனால் பெயிண்ட் கொட்டியதுபோல மேலே படர்வது பெரும்பாலும் சயனோபாக்டீரியா என்ற நீலப்பச்சை நுண்ணுயிரி. உரமும் கழிவும் கொண்டுவரும் பாஸ்பரஸ், வெயில், அசையாத தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் சின்ன ஏரிகளில் மளமளவென்று பெருகும். இதில் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற, கல்லீரலைத் தாக்கும் நச்சை உண்டாக்கும். கொதிக்க வைத்தால் அது அழியாது, செல்கள் உடைந்து நச்சு தண்ணீரில் இன்னும் கலக்கும். 2014இல் அமெரிக்காவின் டொலிடோ நகரக் குடிநீரில் இந்த நச்சு தெரிந்தபோது, கொதிக்க வைக்காதீர்கள் என்றுதான் மக்களுக்குச் சொன்னார்கள்.

காற்று இந்தப் படலத்தைக் கரையோரம் ஒதுக்கும், குழந்தைகள் விளையாடுவதும் அங்கேதான். நாய்கள் ரோமத்தில் ஒட்டிய இந்தப் படலத்தை நக்கியே இறந்திருக்கின்றன. கண்ணால் பார்த்து நச்சு உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது, பரிசோதனைதான் வழி. அதுவரை இறங்க வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் குளிக்கும் நீருக்கான வழிகாட்டுதல் இருக்கிறது, படித்துப் பாருங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், ஏற்கெனவே அனுப்பிய குழுவில் இதைப் போடுங்கள்.