ஆள் பற்றாக்குறை மட்டுமா காரணம்?
தென்னாப்பிரிக்கக் கட்டுமானத் துறை பின்தங்கக் காரணம் தேர்ந்த கொத்தனார்களும் கம்பி கட்டுபவர்களும் இல்லாததே என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. அரசு வேலையில் பில் வந்து 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது கருவூல விதி. நடப்பது வேறு, மாதக்கணக்கில் இழுக்கும். கையில் காசில்லாத சிறு ஒப்பந்ததாரர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் முதலில் குறைப்பார்: கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் இடைவெளி காக்கும் கவர் பிளாக், கான்கிரீட்டை 7 நாள் ஈரமாக வைக்கும் க்யூரிங், மாதிரிக் கட்டிகளை 7, 28 நாளில் நசுக்கி வலிமை பார்க்கும் கியூப் சோதனை. கலவை இறுகினால் லாரியிலேயே தண்ணீர் ஊற்றுவார்கள். கொட்டுவது சுலபம், வலிமை போச்சு. 28 நாள் சோதனை முடிவு வரும்போது மேலே இன்னொரு தளம் ஏறியிருக்கும். 7 நாள் முடிவையாவது பார்க்காமல், தளத்தைத் தாங்கும் முட்டுகளைக் கழற்ற விடக் கூடாது.

2013 நவம்பரில் டர்பனுக்கு அருகே கட்டிக்கொண்டிருந்த டோங்காட் மால் இடிந்து 2 பேர் இறந்தார்களே, அங்கே நீதிமன்றத் தடை இருந்தும் வேலை ஓடியது. உத்திரத்தில் கம்பி குறைவு என்பது பிறகு விசாரணையில் வெளிவந்தது. கான்கிரீட் போடுமுன் எண்ணியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்!

கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியமான சிஐடிபி ஒப்பந்ததாரர்களுக்குத் தரும் 1 முதல் 9 வரையான தரநிலை பெரும்பாலும் பணபலத்தையும் முடித்த வேலையின் மதிப்பையும்தான் அளக்கிறது. கம்பியைச் சரிபார்த்துப் பொறியாளர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் அந்தத் தளத்துக்கான பில் செல்லாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம்.