அந்த ஆய்வில் இன்னொரு பாதியும் இருக்கிறது

“எந்தக் கல்லூரியில் படித்தாலும் சம்பளம் ஒன்றுதான், அமெரிக்க ஆய்வே சொல்லிவிட்டது” என்கிறீர்கள் அண்ணா. பாதி சரி. பொருளாதார ஆய்வாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் குரூகரும் 2002-இல் வெளியிட்டது அது. பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்கள் பின்னாளில் ஏறக்குறைய அதே அளவு சம்பாதித்தார்கள். அதாவது, அவர்கள் ஏற்கெனவே கெட்டிக்காரர்கள்; எந்தக் கல்லூரிக்குப் போயிருந்தாலும் சம்பாதித்திருப்பார்கள். அப்புறம், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரியால் வருமானம் கூடியது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அதை ஏன் விட்டீர்கள்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கள் இறக்குபவரின் மகளுக்கு இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது, யாரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்பது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. கல்லூரி சீனியர்தான் சொல்ல வேண்டும். டாக்டர் வீட்டுப் பையனுக்கு அது சோற்றோடு கிடைத்துவிடும். பக்கத்திலேயே பாலக்காடு ஐஐடி 2015 முதல் இருக்கிறது. அங்கே இடம் கிடைத்த பிள்ளையிடம் போய் ‘எந்தக் கல்லூரியானாலும் ஒன்றுதான்’ என்று சொல்லிவிடாதீர்கள்.