பெயர் கூடினால் நகரம் நிற்காது

தம்பி, மைன்கிராஃப்ட் விளையாட்டில் நகரம் கட்டுவது பற்றி “ஆட்களை அள்ளிச் சேர்த்தால் போதும், நகரம் தானாக நிற்கும்” என்று நீர் எழுதியது பிழை. டவுனி (விளையாடுகிறவர்கள் கூடி நகரம் அமைத்து நடத்த வைக்கிற கூடுதல் மென்பொருள்) ஓடுகிற சேர்வரில் மேயர் வரி போட்டிருந்தால், வழக்கமாக நாளுக்கு ஒருமுறை அது கழியும், கையில் காசில்லாதவரை நகரத்திலிருந்தே தூக்கிவிடும். பல சேர்வர்களில் எவ்வளவு நிலம் பிடிக்கலாம் என்பதும் ஆள் எண்ணிக்கையைப் பொறுத்ததுதான், அதனால் ஆள் குறைய அதுவும் சுருங்கும். உப்புவெளிப் பொடியங்கள் லீவுக்குக் கூட்டமாக வந்தார்கள், பள்ளிக்கூடம் தொடங்கினதும் ஒருத்தரையும் காணோம் (சோதனை நேரமென்றால் கேட்கவே வேண்டாம்). சரி, ஆள் நிற்க வேண்டுமென்றால் வரியைக் குறையும், சேர்ந்த அன்றே வாசலுக்குக் கிட்ட ஒரு துண்டு நிலம் கொடும், பெட்டிக்குள் நாலு பாணும் ஒரு கோடரியும் வையும்.